ஒலி வளைத்த ஒளி

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் எங்கள் ஆண்டில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவோம். ஆய்வுகூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. எனக்கு வாய்த்த கூட்டாளி நாவலடிப் பொடியன். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில் அவனுடைய வீடு. தகப்பன் ஆழ்கடலுக்குப் போகிறவர். வீட்டில் தாயும் ஒரு தங்கையும். நான் வாவியின் மேற்குக் கரையில், மண்டூரில் பிறந்தவள். எங்களுக்கு வயல். அவனுக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேசைக்கு முன்னால் நின்றால் எதற்கெடுத்தாலும் சண்டை பிடிப்போம். சண்டை பிடித்தபடியே கணக்குச் சரி வந்துவிடும்.

சுனாமி அலை அடித்த ஞாயிற்றுக்கிழமை நான் மண்டூரில் நின்றேன். எங்கள் பக்கம் வாவி கொஞ்சம் ஏறி இறங்கியதோடு சரி. கடற்கரை முழுதும் போய்விட்டது என்ற செய்தி பின்னேரம்தான் வந்தது. பாதை திறந்தவுடன் வகுப்புப் பொடியன்களோடு மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். அவனை ஆஸ்பத்திரி வளவில் கண்டோம். காற்சட்டை மட்டும் போட்டிருந்தான். நெஞ்சு முழுவதும் உரஞ்சித் தோல் கழன்றிருந்தது. ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருந்தான். பிடித்திருந்த இடத்திலிருந்தே தன் வீட்டுக் கூரை வாவிப் பக்கம் போவதைப் பார்த்திருந்தான்.

வளவில் உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். வெயிலில் வீங்கி, ஒருவருக்கொருவர் சாயல் ஒன்றாகிப் போயிருந்த உடல்கள். சேற்றுக்குள் உருட்டி எடுத்த மாதிரி இருந்தன. சிலவற்றில் கம்பிவேலி இன்னும் சுற்றிக் கிடந்தது.

"பொம்பிளையள என்னால பாக்க ஏலா," என்றான். "நீ பாத்துச் சொல்லு."

"என்ன உடுத்திருந்தாங்க?"

"அம்மா பச்சைச் சீலை. கையில பழைய தீக்காயத் தழும்பு இருக்கும். தங்கச்சி தெரியா. நான் எழும்ப முதல் அவ எழும்பிட்டா."

நான் பார்த்துக்கொண்டு போனேன். பச்சைச் சீலையில் பாதிதான் மிஞ்சியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் இல்லை. கையில் அவன் சொன்ன பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினேன். அவன் நான் காட்டிய இடத்துக்குப் போய், தாயின் காலடியில் குந்தினான். தங்கையை அன்றைக்கும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

தகப்பன் அந்த நேரம் ஆழ்கடலில் நின்றார். அங்கே அலை தெரியாது. மீனோடு கரைக்கு வந்தபோது கரை இருந்த இடத்தில் மரக்கட்டையும் பிணமும் மிதந்தன. மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர், யாரோ ஒருவரின் கோடரியை வாங்கித் தன் வள்ளத்தைக் கொத்தத் தொடங்கினார். பிடிக்கப் போனவர்களை ஓங்கிக் கலைத்தார். கடைசிப் பலகை பிளக்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு மனைவியின் உறவுகள் இருந்த குருமண்வெளிக்குப் போய்ச் சேர்ந்தார். மண்டூருக்கு நேரே அக்கரை அது. கடலை விட்டுவிட்டு, ஒரு சின்னத் தோணியில் வாவிக்குள் மீன் பிடித்தார்.

அவன் படிப்பை விடவில்லை. அடுத்த ஆண்டு எங்களுக்கு ஆய்வுத் திட்டம் வந்தபோது, பொறுப்பான விரிவுரையாளர் ஒரு தலைப்புத் தந்தார்: தண்ணீருக்குள் போகும் ஒலி, அதன் குறுக்கே போகும் ஒளியை எப்படி வளைக்கிறது. கேட்க ஏதோ மாயம் போல இருந்தாலும் விஷயம் எளிது. ஒலி போகும்போது தண்ணீர் ஓரிடத்தில் நெருங்கும், அடுத்த இடத்தில் விரியும். ஒலியின் அதிர்வெண் மிக மிக உச்சமாக இருந்தால் அந்த நெருக்கமும் விரிவும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் மாறி மாறி வரும். அதன் ஊடாக ஒரு லேசர்க் கதிரை விட்டால், சுவரில் ஒரு புள்ளி விழ வேண்டிய இடத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் விழும்.

அவ்வளவு உச்சமான ஒலியை எழுப்பும் கருவி எங்களிடம் இல்லை. காத்தான்குடியில் ஒரு கடையில், டுபாயிலிருந்து வந்த அலங்கார மீன்தொட்டிச் சாமான்களுக்குள் அவன் அதைக் கண்டுபிடித்தான். தண்ணீரில் வைத்தால் புகை எழுப்பும் ஒரு சின்ன வட்டத் தகடு. காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும். தகட்டைக் கழற்றி, வயர் பற்றவைத்து, கண்ணாடித் தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டினோம். லேசருக்கு வகுப்பில் சுட்டிக்காட்டும் பேனா லேசர்.

நாட்கணக்காக ஒரு புள்ளிதான் விழுந்தது. ஒருநாள் அவன் எழும்பி, கையை முட்டியாக மடக்கித் தொட்டியில் குத்தினான். கண்ணாடி உடைந்து தண்ணீர் எங்கள் இரண்டு பேரின் மேலும் பாய்ந்தது. கை எலும்பு தெரிய வெட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, மேசையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தண்ணிக்கு அடிச்சு என்ன வரப்போகுது?" என்று கேட்டபடி என் தாவணியால் கையைக் கட்டினேன்.

"ஒண்டும் வராது," என்றான். "அடிக்க வேணும் போல இருந்திச்சு."

புதுத் தொட்டி செய்தோம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதுதான் தடை என்று பிறகு பிடிபட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் குமிழி போய்விடும். அப்படிச் செய்த அன்று சுவரில் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதன் இரண்டு பக்கமும் மங்கி மங்கிப் போகும் புள்ளிகள். அவன் தகட்டின் மின் ஆளியைப் போட்டான், நிறுத்தினான், திரும்பவும் போட்டான். புள்ளிகள் வந்தன, போயின, வந்தன. அலைக்குப் பிறகு அவன் முகம் இளகி நான் பார்த்தது அன்றுதான்.

விரிவுரையாளர் வந்து பார்த்துவிட்டு, இதே வேலையை வெளிநாடுகளில் சிலிக்கன் துண்டின்மேல் செய்யப் பார்க்கிறார்கள் என்றார். தலைமயிரின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராத ஒரு கீற்று. அதற்குள் ஒளியையும் ஒலியையும் சேர்த்து அடைத்துவிட்டால், ஒலி ஒளியை வளைப்பது மட்டுமல்ல, ஒளியே சுவரைத் தள்ளி ஒலியை உண்டாக்கும். தொட்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

"தண்ணி இல்லாம," என்று அவன் மெதுவாகச் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு கதை இல்லை. எந்த நாட்டில் யார் அதைச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தான், பிரதி எடுத்தான், என்னிடம் வாதம் பிடித்தான்.

அந்த ஆண்டு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் போர் மறுபடி தொடங்கியிருந்தது. ஒலியின் அளவைச் சரியாகப் பார்க்க எங்கள் கூடத்தில் கருவி பழுது. டவுனில் ஒரு தொழில்நுட்ப நிலையத்தில் அது இருந்தது. தொட்டியை ஒரு பெட்டியிலும், தகட்டையும் வயரையும் லேசரையும் மின்கலத்தையும் ஒரு பையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். அதற்கு முதல்நாள் அந்தப் பாதையில் கண்ணிவெடியில் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் போனோம்; அந்த மாதங்களில் எந்த நாளுக்கும் அப்படி ஒரு முதல்நாள் இருந்தது.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் வயரோடு தகட்டைக் கண்டவுடன் பின்னால் பாய்ந்து துப்பாக்கியை நீட்டினான். அடுத்த கணம் என் கூட்டாளி நிலத்தில் கிடந்தான். சப்பாத்துக் கால்கள் அவனைச் சுற்றி நின்றன. முதல் உதை வயிற்றில், அடுத்தது வாயில். பஸ்ஸில் வந்த சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. "அது படிப்புச் சாமான்" என்று நான் தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னேன். ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்து ட்ரக்கில் ஏற்றினான்.

முகாமில் எங்களைப் பிரித்தார்கள். என் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் அடித்தார்கள் என்று பிறகு சொன்னான். எனக்கு அந்தச் சத்தம் நெல் மூட்டையை நிலத்தில் போடுகிற மாதிரிக் கேட்டது. முதலில் அவன் கத்தினான். பிறகு அடி மட்டும் கேட்டது.

என்னை விசாரிக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதிகாரி. மற்றவன் தமிழன், அவர்களோடு சேர்ந்து இயங்கிய ஆயுதக் குழுக்காரன், மொழிபெயர்க்க வந்தவன். எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்டான்.

"இது என்ன சாமான்?"

"சத்தம் எழுப்புற தகடு."

"சத்தம் கேக்கல்லயே."

"அது காதுக்குக் கேக்காது."

"காதுக்குக் கேக்காத சத்தம். அப்ப ஆருக்குக் கேக்கும்? காட்டுக்குள்ள இருக்கிறவனுக்கா?"

கன்னத்தில் அறைந்தான். பல் இடறி நாக்கு வெட்டுப்பட்டது. அதிகாரி கையை உயர்த்தி அவனை நிறுத்தி, இங்கிலீசில் என்னிடம், அது என்ன செய்யும் என்று செய்துகாட்டச் சொன்னார்.

தொட்டி கீறல் விழுந்திருந்தாலும் ஒழுகவில்லை. கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதில் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும் என்றேன். ஆயுதக்காரன் சிரித்தான். "தேத்தண்ணி ஊத்தப் போறாவாம்." ஆனால் அதிகாரி குசினிக்கு ஆள் அனுப்பினார். தண்ணீர் கொதித்து ஆறும்வரை நான் அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

லேசர் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு புத்தகத்துக்கு நடுவில் இறுக்கி வைத்தேன். யன்னலைச் சாத்தச் சொன்னேன். ஆளியைப் போட்டதும் முகாமின் வெள்ளைச் சுவரில் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. அதிகாரி கிட்டப் போய் உள்ளங்கையை நீட்டினார். புள்ளிகள் அவர் கையில் விழுந்தன. ஆளியை நிறுத்தச் சொன்னார், போடச் சொன்னார். நான் ஒலி என்ன செய்கிறது, ஒளி ஏன் பிரிகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடைக்கிடை நல்ல கேள்விகள்கூடக் கேட்டார்.

பிறகு, "நீ போகலாம்," என்றார்.

"அவர்?"

அதிகாரி வெளியே போய்விட்டார். ஆயுதக்காரன்தான் பதில் சொன்னான். "அவன்ட விஷயம் வேற. அவன்ட மச்சான் எங்களிட்ட இருந்து ஓடினவன். எங்க ஒளிச்சிருக்கான் எண்டு இவனுக்குத் தெரியும்."

"நான்தான் எல்லாம் காட்டினேனே."

"அது குண்டு இல்லையெண்டு எங்களுக்குப் பாத்த உடனே தெரியும்," என்றான்.

வாழைச்சேனையில், கடதாசி ஆலைக்குப் போகும் பாதையோரம், வாரங்கள் கழித்து அவனைத் தள்ளிவிட்டுப் போனார்கள். மச்சான் எங்கே என்று அவனுக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னிடம் சொன்னான். வலது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. இடது காதுச் சவ்வு கிழிந்து சீழ் வந்து, பிறகு அந்தக் காது முழுதாகவே போய்விட்டது.

ஆய்வறிக்கையை நான் எழுதினேன். வாய்மொழிச் சோதனைக்கு அவனும் வந்து இருந்தான். இடது பக்கம் இருந்த பரீட்சகர் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குக் கோபம் வந்தது. எங்கள் விரிவுரையாளர் எழும்பி, மேசையைச் சுற்றி நடந்து வந்து, அவனுடைய வலது காதுக்குப் பக்கத்தில் நின்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார். அவன் அழகாகப் பதில் சொன்னான். இரண்டு பேரும் நல்ல சித்தி பெற்றுத் தேறினோம்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தோம். "சத்தத்தைப் படிக்க ரெண்டு காதும் வேணுமெண்டு ஆரும் எழுதல்ல," என்று பகிடி விட்டான். பதில் வரும்வரை குருமண்வெளியில் தகப்பனின் தோணியில் அவரோடு மீனுக்குப் போனான்.

பதில் வருவதற்கு முன், வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை மேல் ஷெல் விழத் தொடங்கியது. கிழக்கே எழுவான்கரையில் இருந்த இராணுவ முகாம்களிலிருந்து வாவிக்கு மேலால் அடித்தார்கள். வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் மாட்டையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மண்டூர்த் துறைக்கு வந்தது. அறுவடை நேரம். வயல் வட்டைக்குள் நெற்கதிர் அப்படியே நின்றது. வேளாண்மையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற என் அப்பா, பக்கத்து வயல்காரரின் உடல் வரம்பில் இரண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்த பிறகு எங்களோடு வெளிக்கிட்டார்.

துறையில் பாதைப்படகு ஓடுவது நின்றுவிட்டது. அக்கரைத் தோணிக்காரர்கள் தாங்களாகவே வந்து சனத்தை ஏற்றினார்கள். தோணிகளுக்குள் அவனும் நின்றான். தோணியின் பின்முனையில் நின்று, நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவான். அன்று எத்தனை தரம் வந்து போனானோ தெரியாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையோடு ஒரு பெண். எங்களை ஏற்றிக்கொண்டு தள்ளினான்.

"பதில் வந்திச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. உனக்கு?"

"இல்ல. வந்தா எனக்குத்தான் முதல்ல வரும்."

நடு வாவியில் போகும்போது ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவனுக்கு இடது பக்கமாக. எங்கள் எல்லாருடைய உடம்பும் தானாகவே தோணியின் அடியோடு ஒட்டியது. அவன் மட்டும் நின்றுகொண்டு தள்ளினான்.

"குனி," என்று கத்தினேன்.

அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பி, "என்னகா?" என்றான்.

தோணிக்குப் பக்கத்தில் வாவி வெடித்தது. தண்ணீரும் சேறும் எங்கள்மேல் கொட்டின. பலகையின் ஊடாக அந்த அடி என் நெஞ்செலும்பில் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவன் கம்பைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தான். கழுத்தில் ஒரு வாய் திறந்திருந்தது. இரத்தம் அடித்து அடித்து வந்தது. இரண்டு கையாலும் பொத்தினேன். விரல்களுக்கு இடையால் சூடாக வந்துகொண்டே இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்லப் பார்த்தான், சத்தம் வரவில்லை. குழந்தை மட்டும் விடாமல் அழுதது. அப்பா அவன் கையிலிருந்து கம்பைப் பிரித்தெடுத்துத் தள்ளினார். வாழ்நாளில் தோணி தள்ளாத மனிதன். தோணி கோணி கோணிப் போனது. சுற்றிவர மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

கரையில் அவனுடைய தகப்பன் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து தோணியைப் பிடித்தார். மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். மணலில் கிடத்தி, வாவித் தண்ணீரைக் கையால் அள்ளி அவன் முகத்தைக் கழுவினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, என் விரல்களையும் கழுவிவிட்டார். அவர் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது அவரை அறைந்து தள்ளினார்.

எனக்குப் பதில் வந்தது. அவனுக்கு வந்ததா என்று தெரியாது, கேட்கப் போகவில்லை. குளிர் நாடு ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு நிலவறைக் கூடத்தில் விரிவுரையாளர் சொன்ன அந்தச் சிலிக்கன் கீற்றை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். இரண்டு முனையிலும் பிடிக்கப்பட்டு, நடுவில் அந்தரத்தில் நின்றது. ஒரு முனையால் லேசரை விட்டால், ஒளி கீற்றின் சுவர்களைத் தள்ளும், கீற்று ஒரு செக்கனில் கோடிக்கணக்கான தரம் அதிரும். அந்த அதிர்வுபட்டுத் திரும்பி வரும் ஒளியின் நிறம் மிக மிகக் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை அளப்பதுதான் என் வேலை. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் கீற்று சூடாகி முறிந்துவிடும். முதல் மாதங்களில் நிறைய முறித்தேன்.

வடக்கில் சண்டை முடிந்த அன்று நான் கூடத்தில் நின்றேன். மத்தியானம் அப்பா தொலைபேசியில் எடுத்தார். குருமண்வெளித் துறையில் ஆமிக்காரர் வெடி கொளுத்துகிறார்கள், பாற்சோறு கொடுக்கிறார்கள் என்றார். எல்லாத் தோணியிலும் நாட்டுக் கொடி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய தகப்பன் கட்ட மறுத்திருக்கிறார். தோணி தள்ளும் அவருடைய கம்பாலேயே அவரை அடித்திருக்கிறார்கள். கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

"கொடி?" என்று கேட்டேன்.

"அவங்களே கட்டிட்டுப் போனாங்க, மகள்."

தொலைபேசியை வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து மேசைக்காரி, உன் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள் என்றாள். நன்றி சொன்னேன். அந்த வாரம்தான் என் கீற்றிலிருந்து முதல் நல்ல சமிக்ஞை கிடைத்தது. திரையில் நிமிர்ந்து நின்ற அந்தக் கூர்முனையைக் காட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவன் இல்லை. வெளியே போய்ப் படியில் குந்தி, குளிரில் வாய்விட்டு அழுதேன்.

சில ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது அவனுடைய தகப்பனைப் பார்க்கப் போனேன். கோணலாகப் பொருந்திய கையோடு தனியே சமைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இன்னொரு கோப்பையைக் கழுவி வைத்தார்.

"அங்க என்ன வேலை செய்யிறாய் புள்ள?"

"ரெண்டு பேரும் படிச்ச அதே வேலைதான் மாமா. இப்ப தண்ணி இல்லாம, சின்னதா."

"சத்தம் கேக்குமா?"

"கேக்காது. ஒருத்தருக்கும் கேக்காது. வெளிச்சத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கிற."

அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, "அவனும் போயிருப்பானா?" என்று கேட்டார்.

"ஓம் மாமா. எனக்கு முதல் போயிருப்பான்."

"போயிருந்தா அங்க குளிர் எண்டு திரும்பி வந்திருப்பான்," என்றார். சட்டியை இறக்கி, உப்புப் பார்த்துவிட்டு, எனக்குச் சோறு போட்டார்.